கடைமடைக்கு எட்டாத கல்வி

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் நெடுஞ்சாலையில், நகரை ஒட்டினாற்போல் அமைந்த ஊர் வேங்கிக்கால். 1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாக்கப்பெற்றது. இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இவ்வூரில்தான் இயங்குகின்றது. மாவட்டத்தின் கணக்குகளெல்லாம் வந்து குவியும் இடம் இது. அவ்வூர்க்கு ஓர் ஏரியும் உண்டு.

கால் என்னும் தமிழ்ச்சொல் நீரோடும் வாய்க்காலையும் குறிக்கும். ஏரி நிரம்பிவிட்டது என்று கரையில் நின்று மகிழ்வார் ஒருவர். கால்வழியே வந்த நீர் தன் வயலுக்கு எட்டியதா என்று கடைமடையில் நின்று பார்ப்பார் இன்னொருவர். முன்னவர்க்கு ஏரியின் நிறைவே கணக்கு. பின்னவர்க்கு வயலின் ஈரமே கணக்கு. முன்னவர் கணக்கை நம்பி உழவர் எவரும் நாற்று நடுவதில்லை. ஆயினும் கல்வியைப் பொறுத்த அளவில் தமிழ்நாடு நெடுங்காலமாக ஏரிக்கரைக் கணக்கையே பார்த்து மகிழ்ந்து வந்துள்ளது. எத்தனை பள்ளிகள், எத்தனை கட்டடங்கள், எத்தனை மாணாக்கர், எத்தனை கோடி உரூபா என்பனவே அக் கணக்கின் வரிகள். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் கூலித் தொழிலாளியின் மகள், தமிழில் ஒரு பக்கத்தைத் தட்டுத் தடுமாறாமல் படிக்கின்றாளா என்பது அக் கணக்கில் இல்லை.

ஏரி வெட்டியவர்களின் தொண்டை இங்கு எவரும் குறைத்துப் பேசிவிட முடியாது. தந்தையின் தொழிலை மகன் பாதிநாள் பழக வேண்டும் என்ற கொடிய திட்டம் 1953-இல் வந்து, மக்கள் கிளர்ச்சியால் 1954-இல் ஒழிந்தது. அதன்பின் காமராசர் ஆட்சியில் சிற்றூர்தோறும் பள்ளிகள் திறக்கப்பெற்றன. 1956-இல் பகலுணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறையின் இயக்குநராக இருந்து நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊர்மக்களே தங்கள் பள்ளிகளுக்கு வேண்டுவனவற்றைக் கொண்டுவந்து குவித்தனர். 1982-இல் சத்துணவும் 2022-இல் காலையுணவும் அவ்வழியிலேயே வந்தன. பசித்த வயிற்றோடு எழுத்தறிய முடியாது என்பதை உணர்ந்து செயற்பட்ட அரசுகள் இவை. பள்ளியின் வாயில் எளியவர்க்குத் திறந்தது உண்மை. திறந்த வாயிலுக்குள் நுழைந்த பிள்ளைக்கு உள்ளே என்ன கிடைத்தது என்பதே இன்றுள்ள வினா.

இதே வினாவை ஞாலத்தின் வேறு பகுதிகளிலும் அறிஞர்கள் எழுப்பியுள்ளனர். 1966-இல் அமெரிக்க நாட்டில் சேம்சு கோல்மன் என்பாரின் தலைமையில் மாபெரும் ஆய்வறிக்கை ஒன்று வெளிவந்தது. ஆறு நூறாயிரத்திற்கும் மேற்பட்ட மாணாக்கரை ஆய்ந்து எழுதப்பெற்ற அவ்வறிக்கை, பிள்ளையின் கல்வித் தேர்ச்சியைப் பெரிதும் தீர்மானிப்பது அவன் பிறந்த குடும்பத்தின் நிலையேயன்றிப் பள்ளியின் ஏந்துகள் அல்ல என்று உரைத்தது. குடும்ப ஏழைமையால் விளையும் பின்னடைவைப் பள்ளிகள் பெரிதாக மாற்றவில்லை என்பதைக் காட்டிய அவ்வுண்மையைப் பலர், 'பள்ளியால் மாற்றவே முடியாது' என்று திரித்துக்கொண்டனர். ஏழையின் பிள்ளை படிக்காமற் போனால் அது பள்ளியின் குற்றமன்று. அவன் பிறப்பின் குற்றம் என்று சொல்ல அவர்களுக்கு வாய்ப்பாயிற்று. 'அவனுக்குப் படிப்பு ஏறாது' என்று ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழ் மண்ணில் ஓதப்பட்டு வந்த அதே நச்சுச்சொல், அங்கே புள்ளிக்கணக்கின் போர்வையைப் போர்த்துக்கொண்டு வந்தது.

அதை மறுத்து எழுந்தவர் இரொனால்டு எட்மண்ட்சு என்னும் கறுப்பின அறிஞர். 1935-இல் பிறந்து, ஆர்வர்டு பல்கலைக்கழகத்திலும் பின்னர் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றி, 1983-இல் நாற்பத்தெட்டாம் அகவையிலேயே மறைந்தவர். ஏழைகள் படிக்கும் பள்ளிகள் ஏன் தோற்கின்றன என்று கேட்பதை விட்டு, ஏழைகள் படித்தும் வெற்றிபெற்ற பள்ளிகள் எவை, அவை எதனால் வென்றன என்று அவர் தேடினார். 1971-இலேயே சியார்சு வெபர் என்பவர், பெருநகரங்களின் ஏழ்மைப் பகுதிகளில் பிள்ளைகளை நன்கு படிக்க வைத்த நான்கு பள்ளிகளைக் கண்டு எழுதியிருந்தார். எட்மண்ட்சு அத்தேடலை விரிவாக்கி, 1979-இல் தம் முடிவுகளை வெளியிட்டார்.

பயன்தரும் பள்ளிகளில் அவர் கண்ட தன்மைகள் ஐந்து. கற்பித்தலையே தம் முதற்பணியாகக் கொண்ட தலைமையாசிரியர். எல்லாப் பிள்ளைகளாலும் கற்க முடியும் என்று மெய்யாகவே நம்பும் ஆசிரியர்கள். அச்சமின்றியும் ஒழுங்காகவும் படிப்பதற்கேற்ற சூழல். படிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய அடிப்படைத் திறன்களுக்கு முதலிடம். ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கின்றான் என்பதை அடிக்கடி அறிந்து அதற்கேற்பக் கற்பித்தலை மாற்றிக்கொள்ளல். இவ்வைந்தில் கோடிகளைக் கொட்டினால்தான் கிடைக்கும் என்று சொல்லத்தக்கது ஒன்றேனும் உண்டா?

எட்மண்ட்சு வைத்த அளவுகோல் அவர் கண்ட முடிவுகளைவிடச் சிறந்தது. ஒரு பள்ளியில் முதல் மதிப்பெண் பெற்றவர் யார் என்று அவர் கேட்கவில்லை. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் அடையும் அடிப்படைத் தேர்ச்சியை அப்பள்ளியின் ஏழைப்பிள்ளைகளும் அடைகின்றனரா என்றே கேட்டார். அடையவில்லையெனில், எத்தனை பேர் மாநில முதன்மை பெற்றாலும் அது பயன்தரும் பள்ளி ஆகாது. இது கடைமடையில் நின்று நீரை அளக்கும் அளவுகோல் என்க.

அதே 1979-இல் இலண்டனில் மைக்கேல் இரட்டரும் அவர்தம் குழுவினரும் நகரின் உட்பகுதியிலிருந்த பன்னிரண்டு உயர்நிலைப் பள்ளிகளை ஆய்ந்து நூலொன்றை வெளியிட்டனர். ஒரு பிள்ளை பள்ளியில் கழிக்கும் ஏறத்தாழப் பதினையாயிரம் மணிநேரமே அந்நூலின் பெயராயிற்று. ஒத்த பின்னணியுடைய மாணாக்கர் பயின்றும் பள்ளிக்குப் பள்ளி விளைவுகள் பெரிதும் வேறுபட்டன. அவ்வேறுபாட்டுக்குக் கட்டடத்தின் அகவையோ பள்ளியின் பருமனோ கரணியம் அல்ல. பாடம் உரிய நேரத்தில் தொடங்குகின்றதா, வீட்டுப்பாடம் கொடுத்து அது திருத்தப்படுகின்றதா, மாணாக்கரின் ஆக்கங்கள் சுவரில் இடம்பெறுகின்றனவா, பாராட்டு மிகுந்துள்ளதா, மாணாக்கர்க்குப் பொறுப்புகள் தரப்படுகின்றனவா என்னும் சிறுசிறு பழக்கங்களே ஒன்றுசேர்ந்து பள்ளியின் உயிராக அமைந்திருந்தன.

இவ்வாய்வுகளைத் தவறாகப் பயன்படுத்தியோரும் உண்டு. 'பணம் கரணியமன்று, ஆசிரியரே கரணியம்' என்று சொல்லிக் கல்விக்கான தொகையைக் குறைக்க ஆட்சியாளர் சிலர் இவற்றைக் கருவியாக்கினர். அது எட்மண்ட்சுக்கு இழைத்த இரண்டகமாகும். மூன்று வகுப்புகளை ஓர் ஆசிரியர் ஒரே அறையில் வைத்துக்கொண்டு திண்டாடும் பள்ளிக்கு அறிவுரை மட்டும் வழங்குவது கொடுமை. திருவண்ணாமலை மாவட்டத்தின் சவ்வாது மலைச் சிற்றூர்ப் பள்ளிக்கும், ஆட்சியர் அலுவலகத்திற்கு அருகிலுள்ள பள்ளிக்கும் ஒரே அளவில் பங்கிடுவது பங்கீடு ஆகாது. கடைமடைக்கு நீர் செல்ல வேண்டுமானால் ஏரியில் நீரும் வேண்டும். காலில் அடைப்பும் நீங்க வேண்டும். இரண்டில் ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பவர் எவராயினும் அவர் ஏழைக்குப் பகைவரே.

இந்தியத் துணைக்கண்டத்தில் அடைப்பு எங்கே உள்ளது என்பதையும் ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். 2003-இல் பல மாநிலங்களின் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு முன்னறிவிப்பின்றிச் சென்று பார்த்தபொழுது, ஆசிரியருள் நான்கில் ஒருவர் பள்ளியில் இல்லை. ஏறத்தாழப் பாதிப்பேரே கற்பித்துக்கொண்டிருந்தனர். இவ்வாய்வில் பங்குகொண்ட கார்த்திக்கு முரளிதரன் பின்னர் ஆந்திரத்தில் பல ஆய்வுகளை நிகழ்த்தினார். அவற்றுள் ஒன்று தமிழர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது.

2008-இல் தொடங்கி நான்காண்டுகள் 180 சிற்றூர்களில் நடந்த ஆய்வு அது. அரசுப்பள்ளிப் பிள்ளைகள் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, கட்டணம் கொடுத்துத் தனியார் பள்ளிகளில் சேர்த்தனர். முடிவு 2015-இல் வெளியாயிற்று. நான்காண்டுகளுக்குப் பின்னும் அப்பிள்ளைகள் தெலுங்கிலோ கணக்கிலோ அரசுப்பள்ளிப் பிள்ளைகளைவிட முந்திவிடவில்லை. தனியார் பள்ளிகள் மிகுதியாகக் கற்பித்த இந்தியில் மட்டும் முன்னேற்றம் தெரிந்தது. இன்னொன்றையும் அவ்வாய்வு குறிப்பாக உணர்த்திற்று. தெலுங்கு வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாறிய பிள்ளைகள் மொழியல்லாப் பாடங்களில் இடர்ப்பட்டனர். தாய்மொழி வழியிலேயே தொடர்ந்தவர்களின் நிலை அவர்களினும் நன்றாக இருந்தது.

இவ்வுண்மையைத் தூய தமிழியக்கம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டுவதில்லை. 1970-இல் நைசீரிய நாட்டின் இபே நகரில், பாபுன்வா என்னும் கல்வியாளரின் முயற்சியால், தொடக்கக் கல்வியின் ஆறாண்டுகளையும் யோருபா மொழியிலேயே கற்பிக்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. ஆங்கிலம் தனிப்பாடமாக மட்டும் கற்பிக்கப்பட்டது. அப்பிள்ளைகள் பாடங்களில் முந்தினர்; ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை. ஆங்கிலத்தை நன்கு கற்பதற்கு ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கற்க வேண்டும் என்னும் மூடநம்பிக்கை ஆப்பிரிக்க மண்ணில் அரைநூற்றாண்டுக்கு முன்பே உடைபட்டது. தமிழ் மண்ணில் அது இன்னும் கொடிகட்டிப் பறக்கின்றது.

பள்ளி திறக்கும் பருவத்தில் வேங்கிக்கால் போன்ற ஊர்களின் சாலைகளைப் பார்த்தால் அது விளங்கும். மஞ்சள் நிறப் பேருந்துகள் விடியலிலேயே பிள்ளைகளை அள்ளிச் செல்கின்றன. சாலையோரப் பலகைகளில் முதல் மதிப்பெண் பெற்ற நான்கைந்து பிள்ளைகளின் முகங்கள் சிரிக்கின்றன. அப்பள்ளிகளில் தோற்றவர் எத்தனை பேர், இடையிலேயே விலக்கப்பட்டவர் எத்தனை பேர், பொருள் விளங்காமல் ஆங்கிலச் சொற்றொடர்களை உருப்போட்டவர் எத்தனை பேர் என்று எந்தப் பலகையும் அறிவிப்பதில்லை. நகையை அடகுவைத்துக் கட்டணம் கட்டும் தாய், தன் மகன் ஆங்கிலத்தில் ஒப்பிப்பதைக் கேட்டுப் பூரிக்கின்றாள். அவன் சொன்னதன் பொருள் அவளுக்கும் தெரியாது; அவனுக்கும் தெரியாது. இருவரும் சேர்ந்து ஏமாற்றப்படுகின்றனர்.

அத்தாயைப் பழிப்பது எளிது, ஆனால் முறையன்று. ஆங்கிலவழியில் படித்தவனுக்கே வேலை என்று குமுகாயம் அவளுக்குச் சொல்லியிருக்கின்றது. அரசே அதைச் சொல்லிற்று. முதல் ஐந்து வகுப்புகளில் தமிழோ தாய்மொழியோ பயிற்றுமொழியாக வேண்டும் என்று தமிழறிஞர்கள் 1999-இல் சென்னையில் உண்ணாநோன்பிருந்தனர். அதன்பின் வந்த அரசாணை 2000-இல் சென்னை உயர்வழக்குமன்றத்தில் வீழ்ந்தது. 2006-இல் தமிழைப் பாடமாகப் படிக்க வேண்டும் என்ற சட்டம் மட்டும் வந்தது. 2012-13-ஆம் கல்வியாண்டு முதல் தமிழ்நாட்டரசே அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகளைத் திறந்தது. 2014-இல் தில்லி உச்சவழக்குமன்றம், பயிற்றுமொழியைத் தேர்வது பெற்றோரின் உரிமை என்றும், தாய்மொழிவழியை அரசு கட்டாயப்படுத்த முடியாது என்றும் கருநாடக வழக்கில் தீர்ப்பளித்தது. ஒருபுறம் வழக்குமன்றங்கள் தடுத்தன. மறுபுறம் ஆட்சியாளர் தாமே சரிந்தனர்.

இதனிடையே தில்லி வேறொரு முனையில் நெருக்குகின்றது. நடுவணரசின் 2020-ஆம் ஆண்டுக் கல்விக்கொள்கையின் மும்மொழித் திட்டத்தைத் தமிழ்நாடு ஏற்க மறுத்தது. அக்கொள்கையோடு பிணைக்கப்பட்ட பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக, ஈராயிரங் கோடி உரூபாவுக்கு மேற்பட்ட கல்வித்தொகையை நடுவணரசு நிறுத்திவைத்தது என்று தமிழ்நாட்டரசு 2025-இல் உச்சவழக்குமன்றத்தில் வழக்கிட்டது. தமிழர் வரிப்பணத்தை வாங்கிக்கொண்டு தமிழ்ப்பிள்ளையின் பாடநூலுக்கும் ஆசிரியர்க்கும் உரிய பங்கை மறுப்பது, ஏரி மதகையே அடைப்பதற்கு ஒப்பாகும். இதனை எதிர்த்து நிற்பது கடமை. ஆனால் மதகை அடைத்தவனைச் சுட்டிக்காட்டும் கை, தன் ஊர்க் காலில் மண்டிய புதரையும் வெட்ட வேண்டும்.

இங்கே தமிழியக்கத்தாரும் தம் நெஞ்சைத் தாமே உசாவிக்கொள்ள வேண்டும். பயிற்றுமொழி தமிழாகிவிட்டால் பள்ளி தானாகவே சிறந்துவிடும் என்று எண்ணியிருந்தோர் பலர். அஃது அரை உண்மை. தமிழ்வழிப் பள்ளி என்று பலகை மாட்டி, அதற்குள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடியாமல் விழிக்குமானால், அப்பள்ளி தமிழுக்குச் செய்யும் தீங்கு ஆங்கிலப்பள்ளி செய்யும் தீங்கினும் பெரிது. ஏனெனில், அதைக் கண்ட பெற்றோர் பழிப்பது பள்ளியையன்று, தமிழை. மேடையில் தமிழ்வழியை முழங்கிவிட்டுத் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பும் தலைவர்களும், அரசுச் சம்பளம் பெற்றுக்கொண்டு தம் பிள்ளைகளைத் தனியாரிடம் சேர்க்கும் ஆசிரியர்களும், 'எங்கள் பள்ளியில் எங்களுக்கே நம்பிக்கையில்லை' என்று ஊரறியச் சொல்கின்றனர். எட்மண்ட்சு கூறிய ஐந்து தன்மைகளுள் ஆசிரியரின் நம்பிக்கையும் ஒன்று என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தமிழில் கற்பித்தால் தமிழ்ப்பிள்ளை எத்துணை விரைவாக எழும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே அண்மைச் சான்று உண்டு. கொரோனா என்னும் மகுடைத் தொற்றால் பள்ளிகள் நெடுநாள் மூடப்பட்டன. அபிசித்து சிங்கு, மொரிசியோ உரொமெரோ, கார்த்திக்கு முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஏறத்தாழப் பத்தொன்பதாயிரம் பிள்ளைகளை ஆய்ந்தனர். 2019-இல் அதே ஊர்களில் அதே அகவைப் பிள்ளைகள் அறிந்திருந்ததைவிட, 2021 திசம்பரில் இருந்த பிள்ளைகள் மொழியிலும் கணக்கிலும் பெரிதும் பின்தங்கியிருந்தனர். ஆனால் பள்ளிகள் திறந்த ஆறு திங்களுக்குள், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டுக்கொண்டனர். அம்மீட்சியில் ஏறத்தாழக் கால் பங்கு, 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் மாலைநேரத் திட்டத்தால் விளைந்தது என்று அவர்கள் கணக்கிட்டனர்.

அத்திட்டத்தில் கற்பித்தோர் யார்? பெரும்பட்டம் பெற்ற வல்லுநர்கள் அல்லர். அந்தந்தத் தெருவிலேயே வாழும் ஏறத்தாழ இரண்டு நூறாயிரம் தன்னார்வலர்கள். திங்களுக்கு ஆயிரம் உரூபாவே அவர்கள் பெற்றது. திண்ணையிலும் தெருவிளக்கின் கீழும், பிள்ளைகள் பேசும் தமிழிலேயே, ஒவ்வொரு பிள்ளையும் நிற்கும் படியிலிருந்து அவர்கள் தொடங்கினர். முப்பது நூறாயிரத்திற்கும் மேற்பட்ட பிள்ளைகள் பயன்பெற்றனர். எளிய குடும்பத்துப் பிள்ளைகளே மிகுதியாக வந்தனர். பிள்ளையை அறிந்த ஆசிரியர், பிள்ளை அறிந்த மொழி, பிள்ளை நிற்கும் படி ஆகிய இம்மூன்றும் கூடினால் கடைமடைக்கும் நீர் பாயும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆகவே, செய்ய வேண்டுவன தெளிவாகவே உள்ளன. தொடக்கக் கல்வி முழுவதும் தமிழ்வழியிலேயே அமைய வேண்டும். ஆங்கிலம் ஒரு மொழிப்பாடமாக, அதைக் கற்பிக்கப் பயின்ற ஆசிரியரால் நன்கு கற்பிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் ஏழைப்பிள்ளையின் அடிப்படைத் தேர்ச்சியே அப்பள்ளியின் தகுதியை அளக்கும் கோலாக வேண்டும். முதல் மதிப்பெண் அன்று. தலைமையாசிரியர் தாள்களை நிரப்பும் எழுத்தராக இல்லாமல் வகுப்பறைகளைச் சுற்றிவரும் ஆசானாக இருக்க, அவர்மேல் ஏற்றப்பட்ட பதிவுச்சுமை இறக்கப்பட வேண்டும். மேற்பார்வைக்கு வரும் அலுவலர் பதிவேட்டைப் புரட்டுமுன் ஒரு பிள்ளையை அழைத்து ஒரு பக்கம் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். தமிழ்வழிப் படித்தோர்க்கு அரசுப்பணியில் இருபது விழுக்காடு ஒதுக்கிய 2010-ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் வலுப்பட வேண்டும். தமிழ் சோறு போடும் என்பதைத் தாய் கண்ணால் கண்டாலன்றி நம்பமாட்டாள்.

ஊர்மக்களுக்கும் ஒரு பங்கு உண்டு. பள்ளி அரசினுடையது என்று ஒதுங்கி நிற்பதால்தான் அது யாருடையதும் அல்லாததாகின்றது. அன்று சீரமைப்பு மாநாடுகளில் மணியையும் பலகையையும் கொண்டுவந்து குவித்த அதே மக்களின் பேரர்கள், இன்று திங்களுக்கொருமுறையேனும் பள்ளிக்குச் சென்று, 'என் பிள்ளை எதைப் படித்தான், எங்கே நிற்கின்றான்' என்று கேட்கலாம். கேட்பதற்குப் பட்டம் வேண்டுவதில்லை. தமிழ்வழிப் பள்ளியாயின் அவ்வினாவைத் தாயின் மொழியிலேயே கேட்கலாம். விடையையும் அவள் அறிந்துகொள்ளலாம். ஆங்கிலவழிப் பள்ளியின் வாயிலில் வாய்மூடி நிற்கும் அத்தாய், தமிழ்வழிப் பள்ளியில் பள்ளியையே தட்டிக்கேட்கும் தலைவி ஆகின்றாள். தாய்மொழிவழிக் கல்வியின் மிகப்பெரிய வலிமை இதுவே.

மாவட்டத்தின் கணக்குகளெல்லாம் வேங்கிக்காலுக்கு வந்து சேர்கின்றன. ஏரிகளின் நீர்மட்டமும் அக்கணக்குகளுள் ஒன்று. ஆயினும் மழைக்காலம் முடிந்ததும் உழவன் அலுவலகத்தில் போய்க் கணக்குக் கேட்பதில்லை; மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு காலைப் பிடித்தவாறே கடைமடைவரை நடந்து பார்க்கின்றான். கல்விக்கும் அந்நடையே வேண்டும். தமிழ்ப்பிள்ளைகளுள் கடைசிப் பிள்ளை தமிழில் தெளிவாகப் படித்துப் பொருளுணரும் நாளில்தான் தமிழ்நாட்டின் பள்ளிகள் பள்ளிகளாகும். அதுவரை அவை கட்டடங்களே.